பைத்தான் லைப்ரரியை கோ மொழிக்கு மாற்றும்போது

முதலில் பழைய லைப்ரரியின் லைசென்ஸைப் பாருங்கள். எம்ஐடி என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் அனுமதி வாசகத்தையும் அப்படியே வைத்தால் போதும். ஜிபிஎல் என்றால் உங்கள் போர்ட்டையும் (கோ மொழிக்கு மாற்றிய வடிவத்தையும்) ஜிபிஎல்லில்தான் வெளியிட வேண்டும்.

அந்த லைப்ரரியின் ஏதாவது ஒரு வெளியீட்டை (ரிலீஸ்) பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் மாறும் மெயின் கிளையைத் துரத்தினால் வேலை முடியவே முடியாது. பழைய லைப்ரரியை ஓடவிட்டு, உள்ளீட்டையும் அதன் விடையையும் ஜேசன் கோப்பில் சேமியுங்கள். புதிய நிரலை எழுத எழுத அதோடு ஒப்பிடலாம். வேறெதையும் சாராத கோப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் சுற்றில் வரிக்கு வரி மாற்றுங்கள், அழகுபடுத்துவது பிறகு.

கம்பைலர் காட்டிக்கொடுக்காத பிழைகள்தான் ஆளை வாட்டும். -7 // 2 பைத்தானில் -4. கோ மொழியில் முழு எண் வகுத்தலான -7 / 2 தருவது -3, ஏனென்றால் அது பூஜ்யத்தின் பக்கம் வெட்டுகிறது. மீதி காணும் -7 % 3 பைத்தானில் 2, கோ மொழியில் -1. நாட்காட்டிக் கணக்கு இந்த இடத்தில்தான் ஒரு நாள் தள்ளிப்போகும். 'தமிழ்' என்ற சரத்தின் நீளம் பைத்தானில் 5. கோ மொழியின் லென் சொல்வது 15, காரணம் அது எண்ணுவது யூடிஎஃப்-8 பைட்டுகளை. ரூன்களாக (யூனிகோட் குறிகளாக) மாற்றி எண்ணினால் 5 வரும்.

பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. கோ மொழியின் 64 பிட் முழு எண் வகையான இன்ட்64 நிரம்பினால் சத்தமில்லாமல் எதிர்மறைக்குச் சுற்றிவிடும். அந்த இடங்களுக்கு, எல்லையில்லாத முழு எண் வகையான பிக்.இன்ட். கோ மொழியின் மேப்பை (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பை) சுற்றிவரும் வரிசையையும் நம்பாதீர்கள், சாவிகளை வரிசைப்படுத்திய பிறகே விடையை எழுதுங்கள்.