முன்சீப் கோர்ட்டில் தோற்ற சிவில் வழக்கை மேல்முறையீடு செய்வது எப்படி?

தீர்ப்பு வந்த அன்றே அதன் நகல் கேட்டு நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுவிடுங்கள். என் கட்சிக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். முன்சீப் கோர்ட்டுக்கு மேலே உள்ள சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் வாங்கப் பிடித்த காலம் இதில் சேராது. ஆனால் கெடு முடிந்தபின் நகல் மனு போட்டால் அந்த நாட்களைக் கழிக்க முடியாது.

அப்புறம் தீர்ப்பைப் பென்சிலோடு படியுங்கள். 'நீதிபதி தவறாகத் தீர்ப்பளித்தார்' என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. 'கிராம நிர்வாக அலுவலர் குறுக்கு விசாரணையில் நிலம் பிரதிவாதியின் அனுபவத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டார்; தீர்ப்பின் 14-ஆம் பத்தி அதைத் தொடவே இல்லை' என்று எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டில் சாட்சியம், சட்டம் இரண்டையும் புதிதாக அலசலாம். ஆகவே உங்கள் முழுப் பலத்தையும் இங்கேதான் காட்ட வேண்டும். இரண்டாவது மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உயர் நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்கும்.

சாட்சி நேரில் பேசியதைப் பார்த்தவர் கீழ் நீதிபதி. அவர் நம்பிய சாட்சியை மேல் நீதிமன்றம் லேசில் தள்ளாது. ஆவணத்தை அவர் தவறாகப் படித்திருந்தால் நிலைமை வேறு. அங்கே தைரியமாக வாதாடலாம்.

புதிய பத்திரத்தைக் கடைசியில் நீட்ட முடியாது. முன்பு ஏன் தாக்கல் செய்யவில்லை என்று தனி மனுவில் விளக்க வேண்டும்.

மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை மனுவையும் கூடவே போடுங்கள், இல்லாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் நிற்பார்.