லேத் இல்லாமல் ஒரு நீராவி எஞ்சின்: ஆடும் சிலிண்டர் செய்முறை

நீராவி எஞ்சின் செய்யப் போகிறேன் என்று கிளம்பும் பலர், வால்வு, அதை அசைக்கும் எக்சென்ட்ரிக், அவற்றை இணைக்கும் தண்டுகள் என்று படம் போட ஆரம்பித்து அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். முதல் எஞ்சினுக்கு இவை எதுவும் வேண்டாம். சிலிண்டரே ஊசல் போல ஆடி, தன் துளையைத் தானே திறந்து மூடிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யுங்கள்.

விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். 1858ல் தேம்ஸ் நதியில் இறக்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியவை ஆடும் சிலிண்டர்கள்தாம். பிஸ்டன் நகரும் தூரம் 14 அடி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து டீஸ்பார் கப்பலில் 1841ல் செய்த இதே வகை எஞ்சின் இருக்கிறது. நம்முடையதில் பிஸ்டன் நகர்வது 16 மி.மீ.

வாங்க வேண்டியவை

வெளிவிட்டம் 12, உள்விட்டம் 10 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய், 10 மி.மீ. பித்தளைக் கம்பி, 12 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள பித்தளைப் பட்டை, 3 மி.மீ. தடிமனில் 100 × 40 அளவுள்ள பித்தளைத் தகடு, 3 மி.மீ. எஃகுக் கம்பி, 3 மி.மீ. செம்புக் குழாய், எம்3 (3 மி.மீ.) திருகுகள், பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்.

குழாயையும் கம்பியையும் ஒரே கடையில், ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். அளவு அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். கம்பித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் குழாய்க்குள் விடுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அடைத்தால் பாதி வழியில் தயங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் பிஸ்டன் வேலையில் முக்கால்வாசி கடையிலேயே முடிந்துவிட்டது.

ஃபிளைவீலுக்குப் பழைய கேசட் டேப் ரெக்கார்டரைத் தேடுங்கள். உள்ளே நாடாவை இழுக்கும் தண்டோடு ஒரு கனமான சக்கரம் இருக்கும். தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அது சுழலும் புஷ்ஷும் (உறைக்குழாய்) கூடவே கிடைக்கும். காசு கொடுத்துச் செய்தாலும் இந்தத் துல்லியம் வராது.

கருவிகளில் ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: டிரில் ஸ்டாண்ட். கையில் பிடித்துத் துளைத்தால் துளை சாயும், சாய்ந்தால் எஞ்சின் ஓடாது. வெர்னியர், அரம், எம்3 மரை போடும் டேப், சிறிய கேஸ் டார்ச், 400, 800, 1200 எண் உப்புத்தாள், ஒரு கண்ணாடித் துண்டு ஆகியவை போதும்.

சிலிண்டர்

குழாயை 38 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, மேல் முனையில் 2 மி.மீ. தடிமனில் ஒரு வட்டப் பித்தளைத் துண்டை உள்ளே பொருத்தி ஈயம் பற்றவையுங்கள். பட்டையிலும் 38 மி.மீ. வெட்டி, ஒரு பக்கத்தில் வட்ட அரத்தால் குழாய் பதியும் அளவுக்குப் பள்ளம் போடுங்கள். மறுபக்கம்தான் தகட்டோடு உராயும் முகம். அந்த முகத்தில், கீழ் முனையிலிருந்து 18 மி.மீ. தூரத்தில் ஆடும் அச்சுக்கான எம்3 மரை போட வேண்டும். பட்டையைக் குழாயோடு பற்றவைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் டேப் குழாய்ச் சுவரைக் குத்திவிடும். 60/40 ஈயம் போதும். அது 183 டிகிரியில்தான் இளக ஆரம்பிக்கும். வெளிக்காற்றைவிட 1 பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்) கூடுதல் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 120 டிகிரிதான்.

பிஸ்டன் 12 மி.மீ. நீளம். நடுவில் ஒரு சிறு பள்ளம் வெட்டிப் பருத்தி நூலை எண்ணெயில் நனைத்துச் சுற்றுங்கள். பிஸ்டனின் மேல் முகத்திலிருந்து, பிஸ்டன் தண்டின் முனையில் கிராங்க் (ஃபிளைவீல் தண்டில் மாட்டும் வட்டு) ஊசி நுழையும் துளையின் மையம் வரை 53 மி.மீ. இதைக் கூட்டினால் பிஸ்டன் மேலேறி நீராவித் துளையை மூடிவிடும்.

துளைகள்: இங்கே அவசரம் கூடாது

சிலிண்டர் முகத்தில் ஒரு துளை, தகட்டில் இரண்டு. சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை நீராவி வரும் துளைக்கு நேராக வரும். மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேராக வரும். நடுவில் நிற்கும்போது இரண்டையும் தொடக் கூடாது. தொட்டால் நீராவி நேராக வெளியே ஓடிவிடும்.

கணக்கு எளிது. ஆடும் அச்சிலிருந்து கிராங்க் மையத்துக்கு 48 மி.மீ., கிராங்க் ஆரம் (அதன் மையத்திலிருந்து ஊசி வரை) 8, அச்சிலிருந்து துளைக்கு 15. 15 × 8 ÷ 48 = 2.5. அதாவது துளை நடுவிலிருந்து இருபுறமும் 2.5 மி.மீ. நகரும். 2 மி.மீ. பிட் போட்டால் நடுநிலையில் இருபக்கமும் அரை மி.மீ. மூடிய இடம் மிஞ்சும். 2.5 பிட் போட்டால் இடைவெளி பூஜ்யம்; கசியும்.

இதைக் காகிதத்தில் வரைந்து சென்டர் பஞ்ச் வைத்துக் குறிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு வழிகாட்டிப் பட்டை செய்துகொள்ளுங்கள். மீதமுள்ள பித்தளைப் பட்டையில் ஒரே நேர்கோட்டில் மூன்று துளைகள்: நடுவில் ஆடும் அச்சுக்கு 3 மி.மீ., அதற்கு 15 மி.மீ. மேலே 2 மி.மீ., அச்சுக்கு 47.3 மி.மீ. கீழே கிராங்க் ஊசி நுழையும் துளை.

முதலில் தகட்டில் அச்சுத் துளையும் கிராங்க் தண்டின் புஷ்ஷும் கிராங்க் வட்டும் பொருந்தியிருக்க வேண்டும். பட்டையை அச்சில் மாட்டி, கிராங்கைச் சுழற்றி ஊசியைக் கீழ்த்துளையில் நுழையுங்கள். இடப்பக்கம் ஓரிடத்திலும் வலப்பக்கம் ஓரிடத்திலும் மட்டுமே நுழையும். அந்த இரண்டும்தான் சிலிண்டர் அதிகபட்சம் சாயும் நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் மேல்துளை வழியாகத் தகட்டைத் துளைத்துவிடுங்கள். 47.3 கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. அந்த இடத்தில் சாய்வுக் கோணம் மிக மெதுவாகவே மாறும். சிலிண்டர் முகத்தின் துளையையும் இதே பட்டையைக் கொண்டே போடுங்கள். ஒரே பட்டை என்பதால் மூன்று துளைகளும் ஒரே ஆரத்தில் விழும்.

சிலிண்டர் துளையைப் போட்டதும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிட் வெளிவந்த இடத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி விட்டால் நூல் மாட்டும். உருட்டிய உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள்.

தகட்டின் பின்பக்கம் இரு துளைகளையும் பாதித் தடிமன் வரை 3 மி.மீ. ஆக்கி, செம்புக் குழாய்களைப் பற்றவையுங்கள்.

முகத்தைச் சமன் செய்தல்

எஞ்சின் ஓடுவதும் ஓடாததும் இந்த இரு முகங்களின் கையில் இருக்கிறது. கண்ணாடி மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து எண்ணெய் விடுங்கள். முகம் முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசி, எட்டு போடுவது போல் தேயுங்கள். கறுப்பு ஓரங்களில் மட்டும் போய் நடுவில் நின்றால் நடுப்பகுதி குழிந்திருக்கிறது. முழுவதும் மறையும் வரை விடாதீர்கள். பிறகு 800, 1200. தகட்டுக்கும் இதே வைத்தியம்.

அடுத்து, தகட்டில் அச்சுத் துளையின் வாயைப் பெரிய பிட்டால் இலேசாகச் சரித்துவிடுங்கள். திருகின் அடியில் ஒரு துளி ஈயமோ மரைப் பிசிறோ இருந்தால் அது முகத்தைத் தூக்கிப்பிடிக்கும். எவ்வளவு தேய்த்தும் கசிகிறது என்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

பூட்டும்போது அச்சுத் திருகு தகட்டின் வழியே பின்பக்கம் வரும். அதில் ஸ்பிரிங், பிறகு நட். நட்டை இறுக்கினால் கசிவு நிற்கும், எஞ்சினும் நிற்கும். 1 பார் அழுத்தத்தில் இந்த பிஸ்டனைத் தள்ளும் விசை ஏறக்குறைய 800 கிராம் எடைக்குச் சமம். அதில் பெரும்பகுதியை உராய்வுக்குக் கொடுத்தால் சக்கரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. சிலிண்டரை விரலால் தட்டினால் தடையில்லாமல் ஆட வேண்டும்.

முதலில் காற்று, பிறகுதான் நீராவி

தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரை இணையுங்கள். சைக்கிள் பம்பும் உதவும், கை வலிக்கும். அரை பாரில் தொடங்குங்கள். ஃபிளைவீலை விரலால் சுண்டிவிட வேண்டும்; பாதிச் சுற்றுக்கு மட்டுமே தள்ளு இருப்பதால் தானாகக் கிளம்பாது. எதிர்ப்பக்கம் சுழன்றால் குழாயை மற்ற துளைக்கு மாற்றுங்கள். ரிவர்ஸ் கியர் இலவசம். ஒரு மணி நேரம் காற்றிலேயே ஓடட்டும். முகங்கள் ஒன்றோடொன்று படியும்.

கொதிகலனை முதல் முயற்சியில் நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்பு வால்வோடு விற்கும் சிறிய மாடல் கொதிகலனை வாங்குங்கள். முக்கால் பங்குக்கு மேல் நீர் ஊற்றாதீர்கள், வற்றவும் விடாதீர்கள். ஸ்பிரிட் விளக்கின் சுடர் பகல் வெளிச்சத்தில் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிபொருள் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து.

பிற்சேர்க்கை 1: காற்றில் ஓடுகிறது, நீராவியில் நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி உடனே நீராகிவிடுகிறது. கிராங்கைக் கையால் சுழற்றிக்கொண்டே நீரைத் துப்ப விடுங்கள். சிலிண்டர் தொட முடியாத அளவுக்குச் சுட்டபின் சுண்டிவிடுங்கள். எண்ணெயையும் மாற்ற வேண்டும். மெல்லிய எண்ணெயை நீராவி கழுவிக்கொண்டு போய்விடும். 90 எண் கியர் ஆயில் நிற்கும்.

பிற்சேர்க்கை 2: குக்கரின் வெயிட்டைக் கழற்றி அந்த மூக்கில் குழாய் மாட்டலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கூடாது. நடுநிலையில் எஞ்சின் நின்றால் இரண்டு துளையும் மூடியிருக்கும், நீராவிக்கு வேறு வழியில்லை. மிஞ்சுவது மூடியில் இருக்கும் அந்த ஒரே பாதுகாப்பு வால்வுதான். வீட்டில் குக்கர் சாதம் வைக்கட்டும்.

பிற்சேர்க்கை 3: ஓட்டி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் காற்றடித்து நீரை வெளியேற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சில சுற்று சுற்றி வையுங்கள். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. எஃகுத் தண்டு மறுநாளே துருப்பிடிக்கும்.