இரவு பகலாக ஓடும் மதர்போர்டு: மலிவாக வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் ஆடுகிறவர் இரண்டு மணி நேரத்தில் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். வீட்டு கம்ப்யூட்டரின் திறனை அறிவியல் ஆய்வுக் கணக்குகளுக்குக் கொடுக்கும் பாயிங்க், ஃபோல்டிங் அட் ஹோம் போன்ற மென்பொருள்களை ஓட்டுகிறவரின் மெஷினுக்கு அந்த ஓய்வு கிடையாது. பிராசஸரில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாம் முழு லோடில், நாள் முழுக்க, மே மாத வேலூரிலும் ஓட வேண்டும். கடைக்காரரும் யூடியூப் விமர்சகரும் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் கேம் ஆடுகிறவருக்கானது. நம் தேவைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

பிராசஸரை முடிவு செய்துவிட்டு, “இந்த சாக்கெட்டுக்கு இருப்பதிலேயே மலிவான போர்டு எது?” என்று கேட்பது எல்லோரும் செய்வது. 16 கோர் உள்ள ரைசன் 9 5950எக்ஸ், அடிமட்ட ஏ520 போர்டிலும் உட்காரும், பூட் ஆகி ஓடவும் செய்யும். ஆனால் 105 வாட் என்று சொல்லி விற்கப்படும் அந்த பிராசஸர், முழு லோடில் 142 வாட் வரை இழுக்கும். இன்டெலின் ஐ5 12400-ம் அப்படித்தான். 65 வாட் என்பார்கள், வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போவில் 117 வரை போக அதற்கு அனுமதி உண்டு. பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ஏறக்குறைய ஒரு வோல்ட்டாக இறக்கி பிராசஸருக்குக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம். 142 வாட் என்றால் கிட்டத்தட்ட 100 ஆம்பியர் அதன் வழியாகப் போகிறது. மலிவு போர்டில் அந்த விஆர்எம்மில் சூடாகும் மாஸ்ஃபெட் சிப்களின் மேல் ஒரு துண்டு அலுமினியம்கூட இருக்காது. சூடு எல்லை மீறினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும். 16 கோருக்குப் பணம் கொடுத்துவிட்டு 10 கோர் வேலையை வாங்குவது போல ஆகிவிடும்.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஓட்டு வீட்டு அறையும் மாடி அறையும் கத்திரி வெயிலில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே 40-ஐத் தாண்டும் நாளில் அறை 38 என்று வைத்துக்கொண்டாலும், விமர்சனத்தில் 85 காட்டிய விஆர்எம் இங்கே 100-ஐத் தொடும். பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு.

அதனால் என் கருத்து இதுதான்: பட்ஜெட் குறைவென்றால் பெரிய பிராசஸரை விடுங்கள். 6 அல்லது 8 கோர் உள்ள 65 வாட் பிராசஸர், விஆர்எம் மேல் ஹீட்சிங்க் உள்ள பி450 அல்லது பி550 போர்டு. இரண்டு மெஷினாகப் போட்டால், ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும். கூலர் விஷயத்தில் ஒன்று: பெட்டியோடு வரும், கீழ்நோக்கி ஊதும் ஃபேனை ஏளனமாகப் பார்க்காதீர்கள். அது விஆர்எம் மீதும் காற்றை அடிக்கும். வாட்டர் கூலர் போட்டால் அந்தக் காற்று கிடைக்காது.

அடுத்து, சீனாவிலிருந்து வரும் எக்ஸ்99 போர்டும் இன்டெலின் பழைய சர்வர் பிராசஸரான சியானும் சேர்ந்த செட். 14 கோர் இ5-2680 வி4 சல்லிசாகக் கிடைக்கிறது என்றதும் மனசு ஆடும். பல போர்டுகளில் பெயர்தான் எக்ஸ்99. உள்ளே பழைய ஆபீஸ் மெஷின்களிலிருந்து கழற்றிய வேறு சிப்செட் (பிராசஸரைப் போர்டின் மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) இருக்கும். மெஷினைத் துவக்கும் பயாஸ் மென்பொருளுக்கு அப்டேட் வருவது அபூர்வம், வாரண்டிக்கு யாரைப் பிடிப்பது என்றும் தெரியாது. பிராசஸர் மட்டுமே 120 வாட். வாங்கும்போது மிச்சமானது ஈபி பில்லில் போய்விடும்.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 100 வாட் இழுக்கும் ஒரு மெஷின் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட். நாலு மெஷின் என்றால் 576. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அதற்கு முன்னால் எம்மாத்திரம்? 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஆர்ஜிபி விளக்கு, கூடுதல் கன்ட்ரோலர், ஃபேன் வைத்த எக்ஸ்570 சிப்செட் எல்லாம் சேர்ந்து 15 வாட் அதிகம் தின்றால், ஒரு போர்டுக்கு ஒரு பில்லில் 21 யூனிட்டுக்கு மேல் வீண். 2.5ஜி லேன், வைஃபை, வேகமான எஸ்எஸ்டி மாட்டும் என்விஎம்இ ஸ்லாட் இரண்டு மூன்று, இவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டாம். பாயிங்க் வேலைகள் கொஞ்சம் டேட்டாவை இறக்கி, மணிக்கணக்கில் மென்று, கொஞ்சம் டேட்டாவை ஏற்றுபவை. சாதாரண ஜிகாபிட் தாராளம். ஒரே கணக்கைப் பல மெஷின்கள் பிரித்துக்கொண்டு, தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும் எம்பிஐ வேலை என்றால் மட்டும் நெட்வொர்க்கைப் பற்றி யோசியுங்கள்.

ரேம் ஒற்றைக் குச்சியாக வேண்டாம், ஜோடியாகப் போடுங்கள். பாயிங்கில் ஓடும் புரத ஆய்வான ரோசெட்டா போன்ற வேலைகள் கோருக்கு ஒரு ஜிபிக்கு மேலும் கேட்கும்.

நம் ஊரில் யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: கரண்ட் போய் வந்தால் போர்டு தானாக எழுந்துகொள்ளுமா? பயாஸில் ‘ஏசி பேக்’ என்றோ ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்றோ ஒரு அமைப்பு இருக்கும். அது இல்லாத போர்டு, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்த பிறகும் நீங்கள் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை சும்மா கிடக்கும். பழைய போர்டில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால் அந்த அமைப்பு அழிந்துபோய், “எஃப்1 அழுத்து” என்று திரையே இல்லாத இடத்தில் காத்திருக்கும். புது சிஆர்2032 பேட்டரி முதலிலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், ரைசன் 5 5600, இன்டெலில் பெயர் ‘எஃப்’ என்று முடிபவை, இவற்றில் கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பூட் ஆக மறுக்கும் போர்டுகளும் உண்டு, கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்க சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறுகிறவர்கள், கழற்றி விற்கும் டெல், எச்பி ஆபீஸ் போர்டுகளிடம் ஜாக்கிரதை. பல மாடல்களில் 24 பின் பவர் இணைப்பே இருக்காது, அவர்களுடைய சொந்த இணைப்புதான். முன்பக்க ஃபேன் மாட்டவில்லை என்று சொல்லி பூட் ஆவதை நிறுத்துபவையும் உண்டு. வாங்கினால் முழு மெஷினாக வாங்குங்கள், அது நல்ல பேரம். தனி போர்டு என்றால் இன்டெல் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒரு புள்ளி மட்டும் வேறு திசையில் பளிச்சிட்டால் அந்தப் பின் வளைந்திருக்கிறது. கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆறு கிராபிக்ஸ் கார்டு மாட்டலாம் என்று விற்கும், கிரிப்டோ காயின் தோண்டப் பயன்பட்ட பழைய மைனிங் போர்டும் ஏமாற்றும். டேட்டா குறைவாகவே போகும் அந்த எக்ஸ்1 ஸ்லாட்டுகள் காயின் தோண்டப் போதும், ஃபோல்டிங்குக்குத் திணறும். என்விடியா கார்டு ஒவ்வொன்றும் ஒரு கோரைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அந்த போர்டில் வழக்கமாக இருக்கும் இரண்டு கோர் செலரானும் உதவாது.

ரைசன் என்றால் பயாஸில் ‘ஈகோ மோட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். 65 வாட் பிராசஸரை 45-க்கு இறக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே தணியும். அந்த வசதி இல்லாத போர்டில் கத்திரி முடியும்வரை பாயிங்க் அமைப்பில் கோர்களின் சதவீதத்தைப் பாதியாக்கிவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் சிபியு நேரத்தின் சதவீதத்தைத் தொட வேண்டாம். அது பிராசஸரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், ஃபேனும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.