லாட்ஜ் வைஃபைக்கு ஒரு டிஎன்எஸ் கேஷ்: அன்பவுண்ட் நிறுவும் முறை

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வைஃபையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள், எல்லாருக்கும் ஒரே இணைப்பு, திறப்பதும் பெரும்பாலும் அதே சில தளங்கள்தான்: வாட்ஸ்அப், யூடியூப், காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு டிக்கெட் பார்க்க ஐஆர்சிடிசி. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைக் கொடுப்பதுதான் டிஎன்எஸ். ஒருவருடைய போன் இப்படிக் கேட்டு வாங்கிய முகவரியை உள்ளேயே வைத்திருந்து (இதுதான் கேஷ்) அடுத்தவருக்குக் கொடுத்தால் வெளியே போய்வரும் நேரம் மிச்சம். அதைச் செய்யும் மென்பொருள்தான் அன்பவுண்ட். வீடியோ இறங்கும் வேகம் இதனால் கூடாது, பக்கம் திறப்பதற்கு முன் வரும் தயக்கம்தான் குறையும்.

ராஸ்பெரி பை அல்லது உபுண்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் போதும். ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, மாறாத ஐபி ஒன்று கொடுங்கள், இங்கே 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அன்பவுண்ட்'. அப்புறம் ஈடிசி, அதற்குள் அன்பவுண்ட், அதற்குள் 'அன்பவுண்ட்.கான்ஃப்.டி' என்ற ஃபோல்டரில் 'லாட்ஜ்.கான்ஃப்' என்று ஒரு ஃபைல் திறந்து இதையும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்:

சர்வர்:
இன்டர்ஃபேஸ்: 127.0.0.1
இன்டர்ஃபேஸ்: 192.168.1.10
ஆக்சஸ்-கன்ட்ரோல்: 192.168.1.0/24 அலவ்
பிரீஃபெட்ச்: எஸ்
சர்வ்-எக்ஸ்பயர்ட்: எஸ்
சர்வ்-எக்ஸ்பயர்ட்-டிடிஎல்: 86400
சர்வ்-எக்ஸ்பயர்ட்-க்ளையன்ட்-டைம்அவுட்: 1800

இன்டர்ஃபேஸில் 0.0.0.0 போடாதீர்கள், டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டை உபுண்டுவில் அதன் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்ட் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும், மோதும்.

பலன் முழுக்கக் கடைசி நாலு வரியில் இருக்கிறது. ஒவ்வொரு பதிலும் டிடிஎல் என்று விநாடிக் கணக்கில் ஒரு ஆயுளோடு வருகிறது, அது தீர்ந்ததும் திரும்பக் கேட்டாக வேண்டும். பிரீஃபெட்ச் என்ன செய்கிறது என்றால், ஆயுளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மீதியிருக்கும்போது யாராவது அந்தப் பெயரைக் கேட்டால், இருக்கிற பதிலை உடனே கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதியதை வாங்கி வைத்துவிடும், அதனால் அடிக்கடி கேட்கப்படும் பெயருக்கு யாரும் காத்திருப்பதே இல்லை. சர்வ்-எக்ஸ்பயர்ட் வெளி சர்வர் தடுமாறும்போது உதவும்: 1.8 விநாடி வரை முயன்று பதில் வராவிட்டால், காலாவதியாகி ஒரு நாளுக்கு மேல் ஆகாத பழைய பதிலைக் கொடுக்கும். இது 2020இல் வந்த ஆர்எஃப்சி 8767 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்லும் முறைதான். பதிலின் ஆயுளை ஒரு அளவுக்குக் கீழே போகவிடாத கேஷ்-மின்-டிடிஎல் என்று ஒன்றை ஏற்றச் சொல்வார்கள், வேண்டாம். தளம் சர்வரை மாற்றினால் உங்கள் ஆட்கள் மட்டும் பழைய முகவரியில் போய் நிற்பார்கள்.

சரி, 'சூடோ அன்பவுண்ட்-செக்கான்ஃப்' போட்டுப் பிழை இல்லையென்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அன்பவுண்ட்'. பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை 'டிக்' கட்டளையில் @192.168.1.10 சேர்த்து இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை பல மில்லி விநாடி ஆகும், இரண்டாம் தடவை 'குவரி டைம்' 0 அல்லது 1 காட்ட வேண்டும்.

கடைசியாக ரவுட்டரில், போன்களுக்கு ஐபியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில், டிஎன்எஸ்ஸாக 192.168.1.10 என்று போடுங்கள். இரண்டாவது இடத்தில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டால் பல போன்கள் சில கேள்விகளை அங்கே அனுப்பிவிடும், அதனால் அதைக் காலியாக விட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரை ரவுட்டரோடு அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள். அது நின்றால் யாருக்கும் தளம் திறக்காது, கரண்ட் போனால் மெமரியில் உள்ள கேஷ் மொத்தமும் அழிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தனிப் பெயர் கொடுத்து வைத்திருப்பவர்களின் கேள்வி உங்களிடம் வரவே வராது, அதை விட்டுவிடலாம்.

ஒரு வாரம் ஓடவிட்டு 'சூடோ அன்பவுண்ட்-கன்ட்ரோல் ஸ்டாட்ஸ்_நோரீசெட்' போட்டு, 'கேஷ்ஹிட்ஸ்' (உள்ளேயே பதில் கிடைத்தவை), 'கேஷ்மிஸ்' (வெளியே போய்க் கேட்டவை) இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.