கொழுப்புக் கல்லீரல் பயாப்ஸி: அறிக்கை எங்கே பிசகுகிறது?

பெரும்பாலான பிழைகள் மைக்ராஸ்கோப்புக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. பயாப்ஸி ஊசியில் வரும் திசுத் துண்டு மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்குதான். அதுவும் ஒரு சென்டிமீட்டரில் முறிந்து வந்தால் தழும்பு உள்ளதைவிடக் குறைவாகவே தெரியக்கூடும். 16 கேஜ் ஊசி, 2 செ.மீ. நீளம், குறைந்தது 10 போர்ட்டல் டிராக்ட் (இரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேர்ந்து ஓடும் பகுதி): இவை தேறவில்லை என்றால் 'மாதிரி போதாது' என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது விளிம்பில் வெட்டியெடுத்த துண்டு என்றால் இன்னும் கவனம் தேவை. கல்லீரல் உறைக்கு அடியில் நார்த்திசு இயல்பாகவே அதிகம். அதை முற்றிய ஃபைப்ரோசிஸ் (நார்த் தழும்பு) என்று ஏமாந்துபோவோம். அறுவை நீண்டிருந்தால் நியூட்ரோஃபில்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) ஆங்காங்கே கொத்தாக நிற்கும். அது நோயின் அழற்சி அல்ல.

அடுத்தது மதிப்பெண் மயக்கம். 2005-இல் வெளியான என்.ஏ.எஸ். என்ற மதிப்பெண் முறையில் கொழுப்புக்கு 0–3, லோபுல் (கல்லீரலின் சிற்றலகு) அழற்சிக்கு 0–3, பலூனிங்குக்கு (கல்லீரல் செல் சிதைந்து உப்புவது) 0–2. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டாலே 'நாஷ்' (மது சாராத கொழுப்புக் கல்லீரல் அழற்சி; 2023 முதல் 'மாஷ்' என்று பெயர்) என்று முத்திரை குத்துகிறார்கள். கொழுப்பு 3, அழற்சி 2, பலூனிங் 0 என்றாலும் 5 வருமே! பலூனிங் இல்லாத அந்த ஸ்லைடை நாஷ் என்பது சரியல்ல. மாறாக 1+1+1 என மூன்றே பெற்றது நாஷாக இருக்கலாம். மருந்து ஆய்வுகளில் மாற்றத்தை அளக்க வந்த முறை அது. நோயைத் தீர்மானிப்பது திசுவின் ஒட்டுமொத்த அமைப்புதான். ஃபைப்ரோசிஸும் இந்தக் கூட்டலில் சேராது. நோயாளியின் எதிர்காலத்தை அதிகம் சொல்வதே அதுதான் என்பதால் 0–4 நிலையைத் தனியே எழுத வேண்டும். வழக்கமான ஹெச் அண்ட் இ சாயத்தை மட்டும் நம்பினால் லோபுலின் மையச் சிரையைச் சுற்றிய மெல்லிய நார் இழைகள் நழுவிவிடும். நார்த்திசுவைத் தனி நிறத்தில் காட்டும் மேசன் டிரைக்ரோம் சாயமும் போடுங்கள்.

பலூனிங்கில்தான் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. வெளிறிய செல்லெல்லாம் பலூன் ஆகாது: சர்க்கரை நோயாளியிடம் கிளைக்கோஜன் (சேமிப்புச் சர்க்கரை) நிறைந்த செல்லும் வெளிறித்தான் இருக்கும். செல் பெருத்து, உருண்டு, சைட்டோபிளாசம் (செல்லின் உட்கூழ்) நூல்நூலாகப் பிரிந்திருக்க வேண்டும். ஐயம் இருந்தால் கெராட்டின் 8/18 (செல்லின் சட்டகப் புரதம்) சாயம் உதவும். பலூன் செல்லில் அது மங்கிவிடும்.

மதுவா, மது அல்லாத காரணமா என்று ஸ்லைடு மட்டும் சொல்லாது. குடிப்பழக்கத்தைக் கேட்டறியாமல் 'மது சாராதது' என்று எழுதாதீர்கள். சிர்ரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறி முடிச்சாவது) முற்றியபின் கொழுப்பே மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது 'காரணம் தெரியவில்லை' என்று முடிக்குமுன் பழைய அல்ட்ராசவுண்டு, உடல் எடை, சர்க்கரை விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்.