குவாண்ட் நேர்முகத் தேர்வுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து தயாராகும் முறை

பாளையங்கோட்டையில் கணிதம் படித்து முடித்த நான், மும்பையிலுள்ள ஒரு வர்த்தக நிறுவனத்தின் குவாண்ட் பணிக்கான (கணிதத்தையும் நிரலையும் கொண்டு பங்குச் சந்தையில் முடிவெடுக்கும் பணி) நேர்முகத் தேர்வில் முதல் முறை தோற்று, பதினொரு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் தேறினேன். அந்த இடைவெளியில் எதை எப்படிப் பழகினேன் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் தொடர்ந்து கேட்பதால், முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நிபந்தனை நிகழ்தகவு, திட்டவிலக்கம், வகையீடு, தொகையீடு, அணிகள் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தப் பணி என்று முடிவு செய்தல்

வர்த்தகர், ஆய்வாளர், நிரலாளர் என்று மூன்று வகைப் பணிகள் உண்டு. வர்த்தகருக்கு மனக்கணக்கும் விலை சொல்லும் விளையாட்டும், ஆய்வாளருக்குப் புள்ளியியலும், நிரலாளருக்கு சி பிளஸ் பிளஸும் முதன்மையானவை. மூன்றுக்கும் பொதுவானது நிகழ்தகவு. நிரலாளர் பணியை நாடாதவர்கள் பைத்தானோடு நின்றுகொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மொழிகளையும் அரைகுறையாகக் கற்றவர்கள் இரண்டிலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: மனக்கணக்கு

சில வர்த்தக நிறுவனங்களின் முதற்கட்டத் தேர்வில் எட்டு நிமிடங்களில் 80 கணக்குகள் தரப்படுகின்றன. அதாவது ஒரு கணக்குக்கு ஆறு நொடி. 47 × 53 என்பதை 50இன் வர்க்கத்திலிருந்து 3இன் வர்க்கத்தைக் கழித்து 2491 என்று உடனே சொல்லும் பழக்கம் வர வேண்டும். நாள்தோறும் இருபது நிமிடம் போதும். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார்வதால் இது வராது.

படி 3: நிலைகளைப் பிரித்து எழுதுதல்

என்னை வீழ்த்திய இடம் இதுதான். பூவா தலையா போடும் நாணயத்தைத் தொடர்ந்து சுண்டினால், அடுத்தடுத்து 'தலை, தலை' விழுவதற்குச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும், 'தலை, பூ' விழுவதற்கு எத்தனை முறை என்று கேட்டார்கள். இரண்டுக்கும் நிகழ்தகவு நான்கில் ஒன்றுதானே என்று எண்ணி, இரண்டுக்கும் நான்கு என்றேன். இரண்டாவதற்கு மட்டுமே அது சரியான விடை. முதலாவதற்கு விடை ஆறு. காரணம் கேட்டபோது என்னால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை.

வழி இதுதான். எதுவும் கைவசம் இல்லாத தொடக்க நிலையிலிருந்து இன்னும் தேவைப்படும் சராசரி எண்ணிக்கையை 'அ' என்றும், கடைசியாகத் தலை விழுந்திருக்கும் நிலையிலிருந்து தேவைப்படுவதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சுண்டினால், பாதி வாய்ப்பில் 'ஆ' நிலைக்குப் போவோம். பாதி வாய்ப்பில் 'அ' நிலையிலேயே இருப்போம். ஆகவே அ = 1 + ஆ/2 + அ/2; இதைச் சுருக்கினால் அ = 2 + ஆ. இது இரண்டு வினாக்களுக்கும் பொது.

வேறுபாடு 'ஆ' நிலையில்தான் இருக்கிறது. 'தலை, தலை' வேண்டும் என்றால், பூ விழுந்தவுடன் ஈட்டியதெல்லாம் போய்த் தொடக்கத்துக்கே திரும்புகிறோம்; ஆ = 1 + அ/2. தீர்த்தால் அ = 6. 'தலை, பூ' வேண்டும் என்றால், பூவுக்குப் பதில் தலை விழுந்தாலும் கையில் ஒரு தலை மிஞ்சுகிறது; ஆ = 1 + ஆ/2, எனவே ஆ = 2, அ = 4.

சமன்பாடு புரிந்த பிறகும் மனம் ஒப்பவில்லை. நீளமான ஒரு சுண்டல் வரிசையில் இரண்டு அமைப்புகளும் ஒரே அளவில்தான் வருகின்றன; பிறகு எப்படி ஒன்றுக்கு மட்டும் கூடுதல் காத்திருப்பு? புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்துக்கு நின்ற ஒரு மாலையில்தான் தெளிந்தது. மணிக்கு நான்கு பேருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், ஏதோ ஒரு நேரத்தில் வந்து நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். அரை மணிக்கு ஒரு முறை இரண்டு இரண்டாகச் சேர்ந்து வந்தால், எண்ணிக்கை அதே நான்குதான், காத்திருப்போ பதினைந்து நிமிடம். மூன்று தலைகள் தொடர்ந்து விழும்போது 'தலை, தலை' இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடுகிறது. 'தலை, பூ' அப்படி ஒட்டிக்கொண்டு வர முடியாது. கொத்தாக வருவது அதற்கேற்ப நீண்ட இடைவெளியும் விடும்.

இதே முறையைப் பகடையிலும் பழகுங்கள். விழும் எண்ணே உங்களுக்குக் கிடைக்கும் தொகை என்றால், ஒரு முறை உருட்டினால் சராசரி 3.5. பிடிக்காவிட்டால் மறுபடி ஒரு முறை உருட்டலாம் என்றால், நான்கும் அதற்கு மேலும் வந்தால் நிறுத்த வேண்டும், சராசரி 4.25. இரண்டு மறுவாய்ப்புகள் உண்டென்றால், முதல் உருட்டலில் ஐந்தோ ஆறோ வந்தால் மட்டுமே நிறுத்த வேண்டும், ஏனெனில் கையிலுள்ள நான்கைவிட மீதியுள்ள வாய்ப்பின் மதிப்பு 4.25 பெரியது, சராசரி 14/3. கடைசியிலிருந்து பின்னோக்கி வருவதே சூத்திரம்.

படி 4: சொல்லிக்கொண்டே எழுதுதல்

கைபேசிச் செயலிகளைவிட எனக்குச் சிலேட்டும் சாக்கட்டியும் உதவின. எழுதியதை அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருப்பதால், விடையை நினைவில் வைப்பது பயன்படாது. வழியைத்தான் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் தமிழிலேயே கணக்கை யோசித்துப் பழகியவர்கள், ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னவுடன் கணக்கையே மறந்துவிடுகிறோம். ஒரே கணக்கை முதலில் தமிழில் வாய்விட்டு விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கி, இரண்டையும் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எந்த வாக்கியத்தில் குரல் தாழ்கிறதோ அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள்.

படி 5: ஒட்டுறவும் ஆப்ஷன் விலையும்

பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆகிய மூன்று இடங்களின் அன்றாட மழையளவை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.8, பின் இரண்டுக்கும் 0.8 என்றால், பாபநாசத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே மிகக் குறைந்தது எவ்வளவு இருக்க முடியும்? 0.64 − 0.36 = 0.28. ஒட்டுறவை இரண்டு திசைகளுக்கு இடையிலுள்ள கோணத்தின் கொசைனாகக் கண்டால் இது ஒரே வரியில் வந்துவிடும். இதே வினாவைப் பங்குகளை வைத்துக் கேட்பார்கள்.

ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்கு (ஸ்டிரைக்) வாங்கவோ (கால்) விற்கவோ (புட்) உள்ள உரிமை; முடிவு நாளில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றால் அது ஐரோப்பிய வகை. இதன் விலையைக் கணக்கிட, 1973இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன், கால்–புட் சமநிலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பங்காதாயம் இல்லாத பங்கில், ஒரே ஸ்டிரைக் விலையும் ஒரே முடிவு நாளும் கொண்ட ஐரோப்பிய வகைக் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், பங்கின் விலையிலிருந்து ஸ்டிரைக்கின் இன்றைய மதிப்பைக் கழித்தது கிடைக்கும். இதற்கு எந்த மாதிரியும் தேவையில்லை. அதனால்தான் இதை முதலில் கேட்கிறார்கள். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் ஆப்ஷன்களும் ஐரோப்பிய வகையே. ஸ்டிரைக்கும் பங்கு விலையும் ஒன்றாக உள்ள ஆப்ஷனின் தோராய விலைக்கு, பங்கு விலை × ஆண்டு ஏற்ற இறக்கம் × காலத்தின் வர்க்கமூலம் × 0.4 போதும்: பங்கும் ஸ்டிரைக்கும் 100, ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு, வட்டி இல்லை, ஓராண்டு என்றால் ஏறத்தாழ 8, மூன்று மாதம் என்றால் 4.

படி 6: இருபக்க விலை சொல்லுதல்

மறைத்து உருட்டிய மூன்று பகடைகளின் கூட்டுத்தொகைக்கு வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்லச் சொல்வார்கள். சராசரி 10.5 என்பதால் 10க்கு வாங்குவேன், 11க்கு விற்பேன் என்கிறீர்கள். தேர்வாளர் தயங்காமல் 11க்கு வாங்கினால் அடுத்த விலையை உயர்த்த வேண்டும், ஏனெனில் அவர் ஒரு பகடையைப் பார்த்திருக்கலாம். அது ஆறாக இருந்தால் உண்மையான சராசரி 13. மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில் சிறு வயதில் என் தாத்தாவோடு நின்றிருக்கிறேன். சொன்ன விலைக்கு ஒருவர் பேரம் பேசாமல் கயிற்றைப் பிடித்தால், அடுத்த ஆட்டுக்குத் தாத்தா விலையை ஏற்றிச் சொல்லுவார். அங்கே நான் பார்த்ததைத்தான் இந்த விளையாட்டு கேட்கிறது.

பின்சேர்க்கை

படி 3ஐப் பைத்தானில் சோதித்த வாசகர் ஒருவர், இரண்டு அமைப்புகளுக்கும் எட்டு வருகிறது என்று எழுதியிருந்தார். அவருடைய நிரல் நாணயத்தை இரண்டு இரண்டாகச் சுண்டி, ஒவ்வொரு இணையையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறது. அப்படியானால் சராசரி நான்கு இணைகள், அதாவது எட்டுச் சுண்டல்கள். இணைகளின் எல்லையைத் தாண்டி வரும் அமைப்புகள் கணக்கில் விடுபட்டுவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று சுண்டி, அதற்கு முந்தைய முடிவை மட்டும் நினைவில் வைத்து ஒப்பிடுமாறு மாற்றியதும் அவருக்கு 6, 4 என்றே வந்தன. தலை விழும் வாய்ப்பு பாதியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தேர்வில் அடுத்த வினாவாக எதிர்பார்க்கலாம். அதே இரண்டு சமன்பாடுகளில் பாதிக்குப் பதில், தலை விழும் இடத்தில் அந்த வாய்ப்பையும் பூ விழும் இடத்தில் ஒன்றிலிருந்து அதைக் கழித்ததையும் இட்டு நீங்களே தீர்த்துப் பாருங்கள்.