ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி: விபத்து இழப்பீட்டில் நம் பக்கம் நடக்கும் தவறுகள்

சம்பா அறுவடை நேரத்தில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் போனால் ரோட்டில் பாதி நெல் காயும். நெல்லை ஏற்றிவிடக் கூடாதே என்று ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். எதிரே வரும் காரின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அந்தக் கல் தெரியாது. ஒதுங்க ஒருபக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் புளியமரம். வருஷா வருஷம் எங்கள் ஆபீசுக்கு விபத்து வழக்குக் கட்டுகள் வந்து சேர்வது இப்படித்தான்.

நான் வக்கீல் குமாஸ்தா. இருபது வருஷத்துக்கு மேல் விபத்து வழக்குக் கட்டு தூக்கியிருக்கிறேன். கோர்ட்டில் தோற்ற வழக்குகள் கொஞ்சம்தான். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் இறக்கிய பத்தாவது நிமிடத்திலேயே தோற்றுப்போனவைதான் அதிகம்.

எப்படி என்று சொல்கிறேன். 108-ல் ஏற்றி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ கும்பகோணம் அரசு ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோனதும், டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதி அடிபட்டது, யார் கூட்டிவந்தது. இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அந்த நேரத்தில் மச்சானோ சித்தப்பாவோ முந்திக்கொண்டு, "வண்டியிலேருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். போலீஸ், ஸ்டேஷன் என்றால் வைத்தியம் பார்க்க மாட்டார்களோ என்ற பயம் ஒன்று. மோதிய கார்க்காரர் பக்கத்து ஊர், "செலவெல்லாம் நான் பாத்துக்கறேன், கேஸ் வேணாம்" என்று காதில் சொல்லியிருப்பது இன்னொன்று. டாக்டர் கேட்டதை எழுதுகிறார்: தானாக விழுந்ததாகச் சொல்லப்படுகிறது.

மூன்றாம் நாள் கார்க்காரர் போனை எடுப்பதில்லை. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய், கார் மோதியது என்று புகார் கொடுக்கிறார்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த நகலை எடுத்துக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அன்றைக்குச் சொன்னது பொய்யா, மூன்றாம் நாள் சொன்னது பொய்யா?" கூண்டில் நிற்கிற மனுஷனுக்கு அன்றைக்கு நினைவே இல்லை. சொன்னது மச்சான்.

அதனால் கூடப் போகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இன்ன இடத்தில், இந்த நம்பர் கார் மோதியது. நம்பர் தெரியாவிட்டால், வெள்ளைக் கார் ஒன்று மோதிவிட்டுப் போனது என்று தெரிந்த மட்டும் சொன்னால் போதும். வைத்தியம் நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும்.

ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டதா? டாக்டரிடம் சண்டை போட்டுத் திருத்த வைக்காதீர்கள், பேனாவால் அடித்துத் திருத்திய ஏ.ஆர். அதைவிட மோசம். அன்றைக்கே போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து, ஆஸ்பத்திரியில் யார், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பக்கத்துக் கடை கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதை முதலில் கேட்டு வாங்க வேண்டும். காரின் நொறுங்கிய பாகத்தைப் பற்றி மோட்டார் வாகன ஆய்வாளர், நம் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர், கொடுக்கும் அறிக்கைக்கும் நல்ல எடை உண்டு. அது வரும்வரை கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகக் கூடாது.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் ஒன்று. ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு ஸ்டேஷன், அந்தக் கரை வேறொன்று என்பதால் பாலத்தின் மேல் நடந்த விபத்துக்கு இங்கே அங்கே என்று அலையவிடுவது உண்டு. எந்த ஸ்டேஷனிலும் புகார் எடுக்கலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். கார் நம்பரில் ஒரு எழுத்து மாறியதால் இரண்டு வருஷம் இழுத்த வழக்கு எங்கள் ஆபீசிலேயே கிடந்தது.

ஓட்டுநரை மாற்றுவது தனிப் பாவம். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருப்பான், லைசென்ஸ் உள்ள பெரியப்பாவை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். செல்போன் டவரும் டோல்கேட் கேமராவும் இருக்கிற காலத்தில் இது நிற்காது. அம்பலமானால் இழப்பீடு போவதோடு பெரியப்பா மேல் கிரிமினல் வழக்கும் வரும்.

ரோட்டோரப் பஞ்சாயத்தில் இருபதாயிரம் வாங்கிக்கொண்டு, "இனி எந்த வழக்கும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதைப் பற்றி அதிகம் சொல்ல என்ன இருக்கிறது? தலையில் பட்ட அடி இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

சரி, யாரிடம் கேட்பது? இங்கே பலருக்குக் குழப்பம். மோதிய காரின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் உங்கள் காயத்துக்குப் பொறுப்பு. கார் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். நீங்களே உங்கள் தவறால் மோதிக்கொண்டால், உரிமையாளராக ஓட்டியவருக்கு 15 லட்சம் வரை தனிநபர் விபத்துக் காப்பு இருக்கலாம். ஆனால் அது மரணத்துக்கும் கை, கால், கண் போன்ற நிரந்தர இழப்புக்கும்தான், கால் எலும்பு முறிந்து கூடியதற்கு வராது. கூட உட்கார்ந்து வந்தவர்களுக்கு முழு பாலிசி இருந்தால் கிடைக்கும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் சொந்தக் காரில் ஓசியில் வந்தவருக்கு இல்லை. குட்டியானையின் பின்னால் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போவதும் இதே கதைதான். சரக்கு வண்டியில் சரக்குக்கு உரியவரும் வேலையாளும் தவிர மற்றவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

மோதிவிட்டு ஓடிய வண்டி கிடைக்கவே இல்லை என்றாலும் கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் அரசுத் திட்டத்தில் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வண்டி தெரிகிறது, யார் தவறு என்றுதான் நிரூபிக்க முடியவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் தவறை நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்க வழியிருக்கிறது.

கெடு. முன்பு காலவரம்பு இல்லை. அந்தச் சட்டத்தின் 2019 திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து விபத்து நடந்த 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பிக் கட்டிலில் படுத்திருக்காதீர்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகு பார்க்கலாம் என்பார்கள், ஆனால் மனு போடச் சிகிச்சை முடிய வேண்டியதில்லை. வட்டியும் மனு போட்ட நாளுக்கு முன்னால் கணக்காகாது. செங்கல்பட்டில் அடிபட்டால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பயப்படவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

பில்களைப் பற்றி ஒரு வீட்டு யோசனை. மெடிக்கல் கடை பில் இப்போது வழுவழு தாளில் வருகிறது, ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுங்கள். ஆட்டோ கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இழந்த கூலி எல்லாமே கேட்கலாம்.

அடுத்தது வருமானமும் ஊனமும். பணத்தின் அளவு இங்கேதான் தீர்மானமாகிறது, நம் பக்கம் கோட்டை விடுவதும் இங்கேதான். சம்பளச் சீட்டு இல்லாதவர் "கூலி வேலை" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். சிட்டா, அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வங்கியில் விழுந்த பணம், பால் சொசைட்டிப் புத்தகம் என்று நம்மிடம் சாட்சி நிறையவே இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, நாமும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 வயது டிரைவர், மாதம் 15,000. சொந்தத் தொழில், 40 முதல் 50 வயது என்பதால் 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்டினால் 18,750. வருஷத்துக்கு 2,25,000. 2009 தீர்ப்பின் அட்டவணையில் அந்த வயதுக்குப் பெருக்கம், அதாவது வருஷ வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 14. மருத்துவக் குழு சொன்ன 30 சதவீத ஊனத்தை அப்படியே எடுத்தால் 9,45,000 வருகிறது. ஆனால் ஊனச் சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடது கையை இழந்த டிரைவருக்கு இழப்பு ஏறக்குறைய முழுதும், அதே கையை இழந்த அரசு கிளார்க்குக்கு வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே நடவு நடுகிற அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை என்றால், "20 சதவீதம்" என்ற சான்றோடு நிறுத்தக் கூடாது. குனிந்து சேற்றில் நிற்க முடியாது என்பதை டாக்டரும் வேலைக்குக் கூப்பிட்டவரும் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

வக்கீல் விஷயம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கேஸ் பிடிக்கும் புரோக்கரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் பங்கு என்று பேசுவதற்கு பார் கவுன்சில் விதியே இடம் தரவில்லை (என் தொழில்காரர்களே இதைப் படித்து முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை). பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிப்பது நல்லதுதான், பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது. காலுக்குள் இருக்கும் பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்றால், அந்தச் செலவையும் பேசிவிட்டுத்தான் கையெழுத்து. தீர்ப்பாயத் தீர்ப்புக்கு 90 நாளில் அப்பீல் போகலாம், தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் முடியாது. தஞ்சாவூர் மாவட்டத் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னைக்கு. ஒரே காரில் அடிபட்ட அண்ணன் மதுரை பஸ்ஸுக்கும் தம்பி சென்னை பஸ்ஸுக்கும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.